ஆறாம் வகுப்பில் டிராம்போன்

குமாரபாளையம் பேண்டு செட்டில் குணசீலன் இருபது வருடமாக டிராம்போன் ஊதுகிறான். கல்யாணத்தைவிடச் சாவுக்கு ஊதியதுதான் அதிகம். "கல்யாணத்துக்கு டி.ஜே. வந்துட்டான், எழவுக்கு இன்னும் வரல, அதனால பொழப்பு ஓடுது" என்பான். சொல்லிவிட்டு அவனே சிரிப்பான். கேட்டவர்கள் சிரிப்பதில்லை.

போன வாரம் அறிவியல் டீச்சர் தனப்பிரியா போன் செய்திருந்தார். ஆறாம் வகுப்புக்கு ஒலி பாடம். "ஏனுங்க, இழுத்து இழுத்து ஊதுவீங்களே, அதைக் கொண்டாந்து பிள்ளைங்களுக்குக் காட்ட முடியுங்களா? சத்தம் எப்படி வருதுன்னு கண்ணால பாத்தா மறக்காதுங்க."

எந்தப் பள்ளிக்கூடம் என்று தெரிந்ததும் குணசீலன் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து எழுந்துவிட்டான். திருச்செங்கோட்டுச் சாலையில் இருக்கும் அந்தப் பள்ளியில்தான் அவன் மகள் தமிழினி ஜூனில் ஆறாவது சேர்ந்திருந்தாள். டீச்சரிடம் அதைச் சொல்லவில்லை. மகளிடமும் மூச்சு விடவில்லை.

அவனிடம் ஒரு திட்டம் இருந்தது. டிராம்போனை முதல் தடவை வாயில் வைக்கிற எவனுக்கும் சத்தம் வராது, காற்றுதான் வரும். பிள்ளைகள் வரிசையாக ஊதித் தோற்பார்கள். அப்புறம் தமிழினியைக் கூப்பிட வேண்டும். ஐந்து வயதிலேயே வாயில் வைக்கும் மவுத்பீஸை மட்டும் எடுத்து ஊதித் தெருநாய்களை எல்லாம் குரைக்க வைத்தவள் அவள். அவள் ஊதுவாள். வகுப்பு வாயைப் பிளக்கும். அப்போது, "இது எம்புள்ளைங்க" என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு வரியைப் பஸ்ஸில் உட்கார்ந்து ஏழெட்டு விதமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டான். பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டார்.

அது போதாதென்று, பேண்டு கோட்டையும் போட்டுக்கொண்டு வந்திருந்தான். சிவப்புக் கோட்டு, தோளில் ஜரிகைக் குஞ்சம். முதுகில் செட்டின் பெயர், போன் நம்பர், அதற்குக் கீழே பெரிய எழுத்தில் 'கல்யாணம், காதுகுத்து, இறப்பு'.

வகுப்புக்குள் நுழைந்ததும் மூன்றாவது பெஞ்சைத்தான் பார்த்தான். தமிழினி இருந்தாள். அவன் பல்லைக் காட்டினான். அவள் தலையைக் குனிந்து பென்சில் டப்பாவைத் திறந்தாள். கூச்சம் என்று நினைத்துக்கொண்டான். மனசு தனக்கு வேண்டியதைத்தானே நினைக்கும்!

"இது என்னன்னு யாருக்குத் தெரியும்?" என்றார் டீச்சர்.

"சைக்கிள் பம்புங்க டீச்சர்!" என்றான் முதல் பெஞ்சு கௌசிக்.

"எழவு ஊட்டுல ஊதுவாங்க டீச்சர்!" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். வகுப்பே சிரித்தது. குணசீலனும் சேர்ந்து சிரித்தான். பழக்கம்தான். மூன்றாவது பெஞ்சில் ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை.

அவன் வேலையைத் தொடங்கினான். முதலில் வெறும் உதட்டை மூடிக் காற்றைத் தள்ளி, 'ப்ர்ர்ர்' என்று எருமை மாதிரிச் செய்து காட்டினான். "சத்தம் இங்கதான் சாமி பொறக்குது. பித்தளைக்கு ஒண்ணுமே தெரியாது." அதையே மவுத்பீஸில் செய்தான்; குளவி பறந்தது. பிறகு தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் ஓஸ் குழாயை எடுத்தான். ஒரு முனையில் மவுத்பீஸையும் மறு முனையில் எண்ணெய் ஊற்றும் புனலையும் சொருகி ஊதினான். யானை பிளிறியது. பிள்ளைகள் பெஞ்சு மேல் ஏறிவிட்டார்கள்.

"பாத்தீங்களா? ஓஸானாலும் ஊதும். கடைசியில டிராம்போன். குழாயை வெளிய இழுத்தா நீளமாகுது, உள்ள இருக்குற காத்து நீளமாகுது, சத்தம் கீழ இறங்குது. உள்ள தள்ளுனா மேல ஏறுது." இழுத்தான், தள்ளினான். சத்தம் வழுக்கிக்கொண்டு இறங்கி ஏறியது.

"போர் போடுற ரிக்கு வண்டியில பைப் எறக்குற மாதிரியே இருக்குதுங்க சார்!" என்றான் கௌசிக். "தமிழினிக்கு நல்லாத் தெரியுங்க சார். அவங்கப்பா ஆப்பிரிக்காவுல ரிக்கு ஓட்டுறாருங்க!"

குணசீலனின் கையில் அந்த நேரம் குழாய் முழுசாக இழுத்த நிலையில் இருந்தது. உள்ளே தள்ள மறந்துவிட்டான்.

"அப்படியா, தமிழினி?" என்றார் டீச்சர். "அப்ப நீ வந்து ஊதிப் பாரு."

அவள் வந்தாள். அவன் காலையில் பின்னிவிட்ட சடைதான். பக்கத்தில் வந்து நின்று, அவன் முகத்தைப் பார்க்காமல் கோட்டுப் பித்தானைப் பார்த்து, "குடுங்க சார்" என்றாள்.

"பேரு... தமிழினிங்களா?" என்று அவன் கேட்டான். அவன் வாழ்க்கையில் சுருதி தப்பிக் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

"ஆமாங்க சார்."

"உதட்டை மூடிக்க சாமி. ஓரத்தை இறுக்கிக்க. நடுவுல மட்டும் விடு."

ஊரில் எந்தப் பிள்ளையையும் சாமி என்று கூப்பிடலாம். யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அவனுக்கு அன்றைக்கு மிஞ்சியது அந்த ஒரு வார்த்தைதான்.

அவள் மவுத்பீஸில் வாயை வைத்தாள். உதடு தானாகவே சரியாக உட்கார்ந்தது. ஓரம் இறுகியது, கன்னம் உப்பவில்லை, தாடை இறங்கியது. அவன் சொல்லிக்கொடுத்தபடியே, அச்சு மாறாமல். இனி ஊதினால் போதும்.

அப்புறம் அவள் உதட்டைத் தளர்த்தினாள். வேண்டுமென்றே. கன்னத்தை உப்பிக்கொண்டு, பலூன் ஊதுகிற பிள்ளை மாதிரி ஊதினாள்.

புஸ்ஸ்ஸ்.

வகுப்பு சிரித்தது. அவளும் சிரித்தாள். "எனக்கு வரலீங்க சார்."

அந்த அறையில் அது பொய் என்று தெரிந்தவர்கள் இரண்டே பேர்தான்.

"பரவால்ல சாமி," என்றான் குணசீலன். "மொதல்ல யாருக்கும் வராது."

மணி அடித்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். டீச்சர், "அடுத்த வருசமும் கண்டிப்பா வரணுங்க" என்று சொல்லி, அவன் முதுகைப் பார்த்து நம்பரை மற்ற டீச்சர்களுக்காகக் கரும்பலகை ஓரத்தில் எழுதி வைத்தார். அவன் கோட்டைக் கழற்றிச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினான்.

சாயந்தரம் தமிழினி வந்து கைகால் கழுவினாள். தறிக்குப் போன அம்மா இன்னும் வந்திருக்கவில்லை. அவன் சோற்றைப் போட்டு இரண்டு தட்டையும் எடுத்து வைத்தான். சோற்றைப் பிசைந்துகொண்டே அவள் சொன்னாள்:

"போர்டுல இருந்த நம்பரை நான் அழிச்சுட்டேனுங்கப்பா."

"நல்லது சாமி. சாக்பீஸ் தூசி, மூக்குல ஏறும்."

அவள் சோற்றையே பிசைந்துகொண்டிருந்தாள். அவனுக்கு இன்னொரு கோமாளித்தனம் செய்து பார்க்கத் தோன்றியது.

"ஆப்பிரிக்காவுல எந்த ஊருன்னு சொல்லி வெச்சிருக்கே கண்ணு? தெரிஞ்சு வெச்சுக்கிட்டா நாளைக்கு யாரும் கேட்டா உளறமாட்டேன் பாரு."

"கென்யா."

"நல்ல ஊரா?"

அவள் உதடு நடுங்கியது. ஓரம் இறுகவில்லை. "தெரியலீங்கப்பா."

"எப்ப வருவாருன்னு கேட்டா என்ன சொல்லுவே?"

"வரமாட்டாருன்னு சொல்லீட்டனுங்க," என்றாள். தட்டில் கண்ணீர் விழுந்தது. இருந்தும் வார்த்தையை மாற்றவில்லை. "பத்தாவது முடியற வரைக்கும் வரமாட்டாருன்னு."

"சரி சாமி," என்றான் குணசீலன். கணக்குப் போட்டுப் பார்த்தான். நாலே முக்கால் வருடம்.

அவ்வளவு தூரம் போனவன் வீட்டில் உட்கார்ந்து சோறு தின்பது அவனுக்கே கூச்சமாக இருந்தது. தட்டைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய் நின்று, மீதியைச் சாப்பிட்டான்.