பையூமியின் நீண்ட சஜ்தா

நாற்பது வருடம் அலெக்சாந்திரியா துறைமுகத்தில் பஞ்சுப் பொதி சுமந்தவன் நான். அதே துறைமுகத்தில் நாற்காலியில் உட்கார்ந்து காகிதத்தில் முத்திரை குத்தியவன் பையூமி. இப்போது எங்கள் தெருப் பள்ளிவாசலில் நாற்காலி எனக்கு, தரை அவனுக்கு. இந்த அநியாயத்தை யாரிடம் போய்ச் சொல்வது?

"வயசாச்சு ஹாஜி, இடுப்பெலும்பு தேய்ஞ்சு போச்சு. குனிஞ்சா நிமிர முடியாது" என்று டாக்டர் சொல்லி மூன்று வருடம் ஆகிறது. நாற்காலியில் தொழுகிறவன் வரிசையின் ஓரத்துக்குப் போய்விட வேண்டும். இமாமுக்கு நேர் பின்னால் இருந்த என் இடத்தில் மறுநாளே பையூமி வந்து நின்றுகொண்டான். எனக்கு வயிறு எரிந்தது. இன்றும் எரிகிறது.

போதாததற்கு, சில மாதங்களாக அவன் சஜ்தாவில் நெற்றியைத் தரையில் வைத்தால், எல்லோரும் எழுந்த பிறகுதான் மெல்ல எழுவான். "என்ன பயபக்தி பாத்தீங்களா!" என்று தெருவே உருகியது. இமாம்கூட அவனைப் பார்த்துக் கற்றுக்கொள்ளச் சொன்னார். நான் ஓரத்தில் உட்கார்ந்து பல்லைக் கடித்தேன்.

நேற்று மாலை அஸர் தொழுகை முடிந்ததும் தனியாக இன்னொரு சஜ்தா செய்தான். எழவே இல்லை. அவன் பிரார்த்தனையைக் கெடுக்கக் கூடாதென்று ஒவ்வொருவராகச் சத்தமில்லாமல் வெளியேறினார்கள். நான் மட்டும் போகவில்லை.

"நடிச்சது போதும், எழுந்திரு" என்றேன்.

கம்பளத்துக்குள்ளிருந்து குரல் வந்தது. "ஷவ்கி, எல்லாரும் போயிட்டாங்களா?"

"வாசல்ல செருப்பு மாட்டுறாங்க. ஏன்?"

"இடுப்பு புடிச்சுக்கிச்சுடா. தினமும் இதே கதைதான். சத்தம் போடாம என்னைத் தூக்கி விடு. தெரிஞ்சா எனக்கும் நாற்காலி போட்டுருவானுங்க."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, மறைப்பானேன்? தூக்கத்தான் போனேன். ஆனால் பக்கத்தில் முழங்கால் போட்டதும் கம்பளத்தின் பழைய வாசனை மூக்கில் ஏறியது. மூன்று வருட ஆசை. மெல்லக் குனிந்து, என் இடத்தில் என் நெற்றியை வைத்தேன். இடுப்பில் கத்தி இறங்கியது. கண்ணில் நீர் வந்தது, வலியால் மட்டும் இல்லை.

"அடப்பாவி, தூக்குடான்னா நீயும் விழுந்துட்டியா! இப்ப யாருடா நம்மளை எழுப்புறது?"

"வாயை மூடு. இது என் இடம். நகரு."

"முடிஞ்சா நகர மாட்டேனா?"

தலையோடு தலை முட்டிக் கிடந்தபடி ஆசை தீரப் பிரார்த்தித்தேன். அவனுக்கும் சேர்த்து என்று பொய் சொல்ல மாட்டேன். பிறகு, வாசல்வரை கேட்கும்படி தொண்டை கிழியக் கத்தினேன்:

"யாராவது ஓடி வாங்கப்பா! வரும்போது இன்னொரு நாற்காலியும் எடுத்துட்டு வாங்க!"