எர்ஸ்கின் மணலைத் திருப்பி அனுப்புகிறார்

1

இந்தக் கதை எனக்கு ஒரு திட்டிலிருந்து கிடைத்தது. அமெரிக்காவின் கிழக்குக் கரையிலுள்ள ஹாட்டராஸ் தீவின் மீன்கடை வரிசையில் லொரெட்டா தன் கணவர் எர்ஸ்கினைத் திட்டிக்கொண்டிருந்தார். அவர்கள் மீனை எடுத்துக்கொண்டு போனார்கள், நான் திட்டை எடுத்துக்கொண்டு வந்தேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் பனிப்பாறைகள் உருகியபோது, அலையும் காற்றும் மெல்ல மெல்ல...'

(அடித்துவிட்டேன். எர்ஸ்கின் பிறப்பதற்குள் நீங்கள் தூங்கிப்போவீர்கள்.)

2

எர்ஸ்கினுக்கு வயது அறுபத்தொன்று. புல்டோசர் ஓட்டுகிறார். தீவு என்பது ஒரு நீள மணல் திட்டு. கிழக்கே கடல், மேற்கே உப்பங்கழி, நடுவில் ஒற்றைச் சாலை. புயல் அடித்தால் அலை மணலைத் தூக்கிச் சாலைமேல் போடும். எர்ஸ்கின் அதைத் தள்ளிக் கடற்கரையிலேயே மேடு கட்டுவார். அடுத்த புயல் அதைத் திரும்பக் கொண்டுவரும். இருபத்தெட்டு வருடமாக இதே வேலை. எதிரில் கடலும் அதே வேலைதான் பார்க்கிறது, லீவு போடாமல்.

3

கடலோரம் மாளிகை கட்டிய வெளியூர்க்காரர்களைப் பார்த்து எர்ஸ்கின் சிரிப்பார். அவர் வீடும் குடும்பக் கல்லறையும் மேற்கே, கழியோரம். அங்கே கடல் தொடாது. தொடவும் இல்லை. கழிதான் கரையைத் தின்றது.

இந்தத் தீவு நகர்ந்து நகர்ந்துதான் உயிர் பிழைக்கிறது. கிழக்கே அரித்த மணலை அலை சாலையைத் தாண்டி மேற்கே கொட்டினால்தான் பின்பக்கம் வளரும். அந்த மணலைத்தான் எர்ஸ்கின் போகவிடாமல் திருப்பி அனுப்பினார். தன் கொல்லைக்கு வரவேண்டிய மண்ணை, சம்பளத்துக்கு.*

(*இதை அவருக்குச் சொன்னவர் ஒரு பேராசிரியர். மணலில் புதைந்த அவர் ஜீப்பை எர்ஸ்கின் இழுத்துவிட்டார். அந்த உதவிக்குக் கைம்மாறு இது.)

இருபத்தெட்டு வருடம் ஒரு மனிதருக்கு இது தெரியாமலா இருக்கும்? எனக்கும் சந்தேகம்தான். ஆனால் உடம்பை வைத்துப் பிழைக்கிறவர் தள்ளச் சொன்ன பக்கம் தள்ளுவார். யோசிக்க மேலே ஆள் இருக்கிறது. அந்த ஆள் தீவில் இல்லை.

4

மாமியார் ஆர்மிண்டாவின் கல்லறைக்கும் தண்ணீருக்கும் இடையே மிச்சம் நாலடி. மீன்கடையில் நான் கேட்டது:

"எங்கம்மா உயிரோட இருக்கும்போதே உன்னக் கையாலாகாதவன்னுதான் சொன்னா. செத்தப்புறமும் நிரூபிச்சுக் காட்டணுமா, யோவ்?"

"கடல் பக்கம் தள்ளுன்னு உத்தரவு. நான் என்ன பண்ண?"

"மெஷினுக்கு மேற்க திரும்பத் தெரியாதோ?"

"திருப்பினா வேல போயிரும். ரிட்டயர் ஆக இன்னும் எட்டே மாசம். பொறுத்துக்கடி."

"அம்மாவால அவ்வளவு நாள் பொறுக்க முடியாது."

"உங்கம்மா என்னைக்குத்தான் பொறுத்தா?"

வரிசையே சிரித்தது. லொரெட்டா சிரிக்கவில்லை.

5

அடுத்த வாரம் புயல். விடிந்தபோது சாலையில் இடுப்பளவு மணல், சரியாகக் கல்லறைக்கு நேர் எதிரே. (நான் வைத்ததல்ல, கடல் வைத்தது.) எர்ஸ்கின் புல்டோசரில் போய்ச் சேர்ந்தார். அங்கே லொரெட்டா ஏற்கெனவே ஒரு மண்வெட்டியோடு நின்று, மணலை அள்ளி மேற்கே வீசிக்கொண்டிருந்தார்.

"ஏய், தள்ளி நில்லு! உத்தரவு தெரியாதா?"

"அது உனக்குப் போட்ட உத்தரவு. என் மண்வெட்டிக்கு யாரும் போடல."

ரேடியோவில் மேலதிகாரி டக்கர்: "பெரியவரே, தள்ள ஆரம்பிச்சாச்சா?"

முடிவு ஒன்று: மேற்கே தள்ளுகிறார். வேலை போகிறது, மாமியார் தப்பிக்கிறார். நன்றி சொல்ல மாட்டார்.

முடிவு இரண்டு: கிழக்கே தள்ளுகிறார். எட்டு மாதத்தில் பாராட்டு விழா, கேக். லொரெட்டா வரமாட்டார்.

முடிவு மூன்று: பாதி அங்கே, பாதி இங்கே. (தேர்தலில் நிற்கிறவருக்குச் சரி. அடித்துவிட்டேன்.)

எர்ஸ்கின் புல்டோசரின் தகட்டை இறக்கினார். வண்டியைத் திருப்பி...

இதற்குமேல் நான் எழுதப்போவதில்லை. உத்தரவு போட்டவரும் தள்ளுகிறவர் தலையில் கட்டிவிட்டுத்தானே போனார்? நானும் போகிறேன். புல்டோசர் இருக்கை சூடாக இருக்கும், உட்காருங்கள். கொஞ்சம் சீக்கிரம் முடிவு செய்யுங்கள். நாலடி என்று எழுதினேன் அல்லவா, அது புயலுக்கு முன் எடுத்த அளவு.