ஆறாம் மாடி மூட்டை

இன்சாஃபுக்கு அன்று காலையிலிருந்தே இடுப்பு கழன்றுவிடும் போல வலி. ஈஸ்டருக்கு முந்தைய பெரிய நோன்பு வேறு. பிற்பகல் வரை பச்சைத் தண்ணீர்கூடக் கிடையாது. கணவன் அயாத் கெய்ரோவின் மாடி வீடுகளில் ஏறி இறங்கி அள்ளிவந்த குப்பை, முகத்தம் மலையடியில் அவர்கள் வீட்டுக் கீழ்த்தளத்தில் மலையாகக் கிடந்தது. பிளாஸ்டிக் ஒரு பக்கம், தகரம் ஒரு பக்கம், எச்சில் சோறு பன்றிகளுக்கு. முப்பது வருஷமாக இதே பிழைப்பு. ஆண்டவர் தன்னை எதற்குத்தான் படைத்தாரோ என்று பாதிரியாரிடமே கேட்டுவிட்டாள். எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் இருக்கும் என்றார். அவர் கையில் சாம்பிராணி வாசம்; சொல்வதற்கென்ன.

கிழிந்த சாக்ஸால் கட்டிய மூட்டை ஒன்று தினமும் வரும். ஆறாம் மாடிக் கிழவியுடையது என்று அயாத் சொல்லியிருக்கிறான். உள்ளே இரண்டு இன்சுலின் ஊசி, மூடிகூடப் போடாமல். எத்தனையோ தடவை இன்சாஃபின் விரலில் ஏறியிருக்கிறது. முகம் தெரியாத அந்தக் கிழவியை வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறாள்.

மூன்று நாளாக ஊசியே இல்லை. தொல்லை விட்டது என்று இருக்க வேண்டியவள், மூட்டையை மறுபடி மறுபடி கிளறினாள். கடிக்காத ரொட்டிதான் கிடந்தது.

சாயங்காலம் அயாத்திடம் சொன்னாள். அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மூட்டையில் பார்த்ததை வீட்டு வாசலில் பேசுவது அவர்கள் தொழிலில் கிடையாது. பேசினவனுக்கு அடுத்த நாள் அந்தக் கட்டடத்தில் வேலையே கிடையாது.

"குப்பைக்காரன் கதவத் தட்டினா திருடன்னுதான் சொல்லுவாங்க."

"ஏங்க, அந்தம்மா ஊசி போடலன்னு இந்த ஊருலயே எனக்கு மட்டுந்தாங்க தெரியும்."

சொன்ன பிறகுதான் அது அவளுக்கே உறைத்தது.

விடிந்ததும் அவன் முணுமுணுத்துக்கொண்டே போய்த் தட்டினான். கதவு திறக்கவில்லை. காவலாளியிடம் வசவு வாங்கிக்கொண்டே அவனைச் சாவியோடு மேலே இழுத்துப் போனான். கிழவி சமையலறைத் தரையில் கிடந்தாள்; மூச்சு மட்டும் இருந்தது. மருந்து வாங்கித் தந்த மகள் வெளிநாடு போய்விட்டாளாம்.

பத்து நாளில் கிழவி ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பினாள். நன்றி கின்றி ஒன்றும் வரவில்லை. சாக்ஸ் கட்டிய மூட்டைதான் வந்தது. இன்சாஃப் அவசரமாகக் கையை விட்டாள். சுருக்கென்று ஏறியது.

விரலைப் பிதுக்கிக்கொண்டே குப்பை நடுவில் உட்கார்ந்துவிட்டாள்.

"பாவி, இன்னும் மூடி போடக் கத்துக்கல," என்றவளுக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. "இருக்கா ஆண்டவரே, உசுரோட இருக்கா."