டப்பாவில் மிச்சம் வைத்த ஒரு வாய்

பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் எடுக்கிற பட்டறையில் அவனுக்குக் கோடாலி என்றுதான் பெயர். ஒரே போடில் பேட்டரியின் மண்டையைப் பிளந்துவிடுவான். அந்தக் கைதான் அன்று மச்சினனின் தாடையையும் பெயர்த்தது.

பட்டறைக்கு லீவு நாள். மத்தியானம் மூன்று வயது மகளுக்கு இழுப்பு வந்தது. கண் மேலே செருக, கையும் காலும் வெட்டி வெட்டி இழுக்க, சுவரோரம் கிடந்தாள். கோடாலி அவள் தோளைத் தரையோடு அழுத்திப் பிடித்தான். அடங்கவில்லை. பல்லுக்கு நடுவே கரண்டிக் காம்பை நெட்டினான். முன்பல் முறிந்து ரத்தத்தோடு அவன் உள்ளங்கையில் விழுந்தது.

"வாயில எதையும் வைக்காதீங்க மாமா. ஒருக்களிச்சுப் படுக்க வைங்க," என்றான் மச்சினன். அவன் கையில் வண்டிச் சாவி. "ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்."

"நீதானேடா நேத்து இவளப் படியில போட்டே?"

"ரெண்டு படிதான் மாமா. விழுந்தவ எந்திரிச்சு சிரிச்சா."

முதல் குத்திலேயே தாடை கோணிக்கொண்டது. விழுந்தவனை விலாவில் மிதித்தான். சாவி பீரோவுக்கு அடியில் போய்விட்டது. குழந்தை துடித்துக்கொண்டே இருந்தது.

மனைவி குழந்தையை வாரித் தோளில் போட்டாள். "அடிச்சு முடிச்சுட்டு மெதுவா வா. நான் போறேன்," என்று தெருவில் இறங்கி, வந்த சரக்கு வண்டியை மறித்தாள். கோடாலி பின்னால் ஓடித் தொற்றிக்கொண்டான்.

"எவ்வளவு நேரமா இழுக்குது?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"அரை மணி. வீட்டுலயே பத்து நிமிஷம் போச்சு. இவருக்கு அடிக்க ஒரு ஆள் தேவைப்பட்டுச்சு," என்றாள் மனைவி.

முதல் ஊசிக்கு இழுப்பு நிற்கவில்லை. இரண்டாவது மருந்து ஏறின பிறகுதான் கை கால் தளர்ந்தது. டாக்டரம்மா வரிசையாகக் கேட்டார். காய்ச்சல் உண்டா? முன்னே வலிப்பு வந்து மாத்திரையை நிறுத்தினீர்களா? பூச்சிமருந்து எதையாவது குடித்தாளா? எல்லாவற்றுக்கும் இல்லை.

"தலையில அடி. மச்சினன் கீழ போட்டுட்டான்," என்றான் கோடாலி.

ஸ்கேன் வந்தது. "மூளை வீங்கியிருக்கு. ஆனா அடிபட்டதால இல்ல." அவர் பார்வை அவன் நகக்கண்களில் படிந்திருந்த சாம்பல் நிறத்தில் நின்றது. "நீங்க என்ன வேலை பாக்கறீங்க?"

மறுநாள் ரத்தப் பரிசோதனை முடிவு வந்துவிட்டது.

"ஈயம். இவ்வளவு ஒரே நாள்ல ஏறாது. மாசக்கணக்கா வயித்துக்குள்ள போயிருக்கு. பட்டறைக்கு வருவாளா?"

"வாசலைக்கூட மிதிச்சதில்ல. நானும் அங்கேயே குளிச்சு, சட்டை மாத்திட்டுத்தான் வீட்டுக்கு வருவேன்." சொன்னது பொய்யில்லை. அதில் அவனுக்குப் பெருமையும் உண்டு.

மனைவி ஒரே வார்த்தை சொன்னாள். "டப்பா."

பேட்டரி உடைக்கிற இடத்தில் குந்தித்தான் மத்தியானம் டப்பாச் சோற்றைத் தின்பான். எவ்வளவு பசித்தாலும் கடைசி ஒரு வாயை மகளுக்கென்று மிச்சம் வைப்பான். மூடி சாயங்காலம் வரை திறந்தே கிடக்கும். ஈயத் தூள் அதன் மேல் இறங்கிக்கொண்டிருக்கும். வீட்டுப் படியேறும்போதே அவள் வாயைத் திறந்துகொண்டு ஓடி வருவாள்.

கோடாலி வீட்டுக்குப் போய் டப்பாவை எடுத்தான். வாசல் கல்லில் வைத்து, அம்மிக் குழவியால் அடித்தான். தகடு சப்பளிந்த பிறகும் அடித்தான். விரல் நசுங்கியது, அதன் மேலும் ஓர் அடி விழுந்தது.

"டப்பா என்னய்யா பண்ணுச்சு?" என்றான் எதிர்வீட்டுக்காரன்.

கோடாலி குழவியைக் கீழே போட்டான்.

விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குத் திரும்பினான். மச்சினன் அங்கேதான் வேறொரு கட்டிலில், தாடையைக் கம்பியால் கட்டிக் கிடந்தான்.

"நீ இல்ல மாப்ள. நான்தான்," என்றான் கோடாலி.

மச்சினனால் பேச முடியாது. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

மூன்றாம் நாள் மகள் கண் விழித்தாள். வலது கை அசையவில்லை. அப்பனைப் பார்த்ததும், பழக்கத்தில், முறிந்த பல் தெரிய வாயை ஆவென்று திறந்தாள்.

அவன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான்.