மூன்றாவது நிபுணர்

பன்னிரண்டு பேரில் என்னைத் தலைவியாக்கியதற்கு ஒரே காரணம், நான் தபால் நிலையத்தில் இருபத்தாறு வருடம் இருந்தவள், என் கையெழுத்து புரியும் என்பதுதான். சட்டம் எனக்கும் தெரியாது, மற்ற பதினொரு பேருக்கும் தெரியாது. எங்கள் தீவின் சான் ஃபெர்னாண்டோ நீதிமன்றத்துக்கு ஜூரியாக வருகிறவர்களிடம் அதை யாரும் கேட்பதில்லை.

மெர்லின் கோபின் தன் கணவன்மேல் மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினாள் என்பது வழக்கு. இல்லை, அவன் குடித்துவிட்டு வந்து எரிகிற ஸ்டவ்வைத் தட்டிவிட்டான் என்பது அவள் கட்சி. அவன் செத்துப்போனான். பார்த்தவர் யாருமில்லை. குற்றவாளி என்று நாங்கள் சொன்னால் அவளுக்குத் தூக்கு, இல்லையென்றால் அன்றைக்கே வீடு. விசாரணை தொடங்குவதற்கே ஆறு வருடம் சிறையில் காத்திருந்தாள். உள்ளே போனபோது மகளுக்கு நாலு வயது.

சாட்சி என்று மிஞ்சியது சமையலறைத் தரையின் புகைப்படம் ஒன்று. அடுப்பிலிருந்து வாசல்வரை பலகையில் நீளமாக ஒரு கரிந்த தடம். ஸ்டவ் கவிழ்ந்தால் எண்ணெய் அங்கேயேதான் தேங்கும், இத்தனை தூரம் போகாது, யாரோ ஊற்றிக்கொண்டே நடந்திருக்கிறார்கள் என்றார் அரசுத் தரப்பில் வந்த தீயணைப்பு அதிகாரி அலீன். பலகை இடுக்கைப் பிடித்துக்கொண்டு எண்ணெய் சரிவு பார்த்து ஓடும், யாரும் ஊற்ற வேண்டியதில்லை என்றார் மெர்லினுக்காக பக்கத்துத் தீவான பார்படோஸிலிருந்து வந்த டாக்டர் வின்டர்போர்ன். தரை எந்தப் பக்கம் சரிந்திருந்தது என்று போய்ப் பார்க்க வழியில்லை, வீட்டை எப்போதோ இடித்துவிட்டார்கள். படித்தவர்கள் இரண்டு பேர் ஒத்துப்போகாத விஷயத்தைப் படிக்காத பன்னிரண்டு பேர் தீர்த்துவைக்க வேண்டும். யார் யோசித்துச் செய்த ஏற்பாடோ தெரியவில்லை.

ஜூரி அறையில் கதவைச் சாத்தியதும் எண்ணெயைப் பற்றி யாரும் பேசவில்லை. அலீன் முகத்தைத் துடைத்துக்கொண்டே பேசினார், பொய் சொல்கிறவன்தான் அப்படி வியர்ப்பான் என்றார் ஒருவர். அந்தப் பக்கம் மின்விசிறி ஓடவில்லை என்றார் இன்னொருவர். டாக்டர் காகிதம் பார்க்காமல் பேசினார், ஆகவே விஷயம் தெரிந்தவர். டாக்டர் காசு வாங்கிக்கொண்டு வந்தவர், ஆகவே நம்பக்கூடாது. சந்தை வாசலில் டபிள்ஸ் என்ற கடலை ரொட்டி விற்கும் திருமதி சூக்கியாவுக்கு அலீன்மேல்தான் நம்பிக்கை. தன் தெருவில் தீப்பிடித்தபோது அவர்தான் வந்து அணைத்தாராம். வீடு முழுக்க எரிந்து முடிந்த பிறகுதானே வந்தார் என்று யாரோ கேட்டதற்கு, வந்தாரா இல்லையா என்று திருப்பிக் கேட்டார். எனக்கு எரிச்சலாக வந்தது. ஆனால் நானும் டாக்டரை நம்பியதற்கு அவருடைய அமைதியான குரலைத் தவிர வேறு காரணம் என்னிடம் இல்லை.

மதியம் பெலாவ் சோற்றுப் பொட்டலங்கள் வந்தபோது கணக்கு ஏழுக்கு ஐந்து. ஏழு பேர் விடுதலை என்றோம். பன்னிரண்டும் ஒன்றானால்தான் செல்லும்.

அப்போதுதான் இக்னேஷியஸ் கலிஸ்ட் வாயைத் திறந்தார். வாடகை வேன் ஓட்டுகிறவர், அதுவரை அதிகம் பேசாதவர். போன ஞாயிற்றுக்கிழமை தன் வீட்டு சமையலறையில், அதுவும் மரக்கால்மேல் நிற்கிற பலகை வீடுதான், ஸ்டவ்வில் எண்ணெய் நிரப்பி, பற்றவைக்காமல், முழங்கையால் தட்டிவிட்டுப் பார்த்தாராம்.

"நேரா வாசலுக்குப் போச்சு. ஃபோட்டோல இருக்கிற மாதிரியே, ஒரு கோடா. என் பொண்டாட்டி இன்னும் எங்கிட்டப் பேசல."

எல்லோரும் சிரித்தார்கள். ஒருவர் எழுந்து எண்ணெய் எவ்வளவு, எத்தனை நேரத்தில் ஓடியது என்று கேட்டார். இக்னேஷியஸ் மேசைமேல் விரலால் வரைந்து காட்டினார். கால் மணி நேரத்தில் ஐந்து பேரும் மாறிவிட்டார்கள், கடைசியாக சூக்கியாவும். இரண்டு நிபுணர்கள் நாலு நாள் பேசி முடியாததை மூன்றாவது நிபுணர் ஒரு ஸ்டவ்வால் முடித்துவிட்டார்.

நான் மட்டும் சாப்பாட்டை மூடி வைத்தேன். ஒவ்வொரு மாலையும் நீதிபதி எங்களை அனுப்பும்போது சொன்னது ஒன்றுதான். இங்கே கேட்டதை வைத்து மட்டும் முடிவு செய்யுங்கள், வெளியே போய் நீங்களாக எதையும் சோதிக்காதீர்கள், அப்படி யாராவது செய்தது தெரிந்தால் உடனே எனக்கு எழுதுங்கள். அதைச் சொல்லும்போது அவர் என்னைத்தான் பார்ப்பார்.

நான் காகிதத்தை எடுத்ததும் சூக்கியா என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"மிஸ் பெர்னாடின், எழுதாதீங்க. நமக்கு ஒண்ணும் காதுல விழல. அந்தப் பொண்ணு வீட்டுக்குப் போகட்டும்."

"அவர் வீட்டுத் தரை எந்தப் பக்கம் சரிஞ்சிருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா? மெர்லின் வீட்டுத் தரை?"

"தெரியாது."

நான் இக்னேஷியஸைப் பார்த்தேன். "எண்ணெய் ஓடாம அங்கேயே தேங்கியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க? அதையும் வந்து இங்க சொல்லியிருப்பீங்களா? நாங்க அவளைத் தூக்குல போட்டிருப்போமா?"

அவர் நெற்றியைத் தேய்த்தார். "தேங்கலையே, மிஸ்."

அவர் கெட்டவர் இல்லை. அந்த அறையில் மெர்லினுக்காக வேலை என்று ஏதாவது செய்தவர் அவர் ஒருவர்தான். இருந்தும் எனக்கு அவர்மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. அவள் குற்றமற்றவள் என்று நானும் நினைத்தேன், ஆனால் நினைப்பதற்கும் தெரிந்துகொள்வதற்கும் நடுவே எவ்வளவு தூரம் என்பதை அன்று காலை முழுக்க உட்கார்ந்து பார்த்திருந்தேன். நாலு வரி எழுதி, மடித்து, கதவைத் தட்டி காவலரிடம் கொடுத்தேன். அதன்பிறகு அந்த அறையில் யாரும் என்னோடு பேசவில்லை.

மூன்று மணிக்கு எங்களை உள்ளே அழைத்தார்கள். நீதிபதி இக்னேஷியஸை எழுப்பி நிறுத்தி, சத்தம் போடாமல் நாலு வார்த்தை கேட்டார். பிறகு என் பெயரைச் சொல்லி, என் நேர்மைக்கு நன்றி சொன்னார். இந்த ஜூரியைக் கலைக்கிறேன், வழக்கு வேறொரு ஜூரி முன்னால் புதிதாக நடக்கும், தேதி பிறகு அறிவிக்கப்படும், அதுவரை கைதி காவலிலேயே இருப்பார் என்றார். அத்தனையும் சட்டப்புத்தகத்து ஆங்கிலம், மூச்சுவிடாமல் வாசித்தார். இரண்டு வக்கீல்களும் ஒரே நேரத்தில் காகிதங்களை அடுக்க ஆரம்பித்தார்கள்.

நான் செய்தது சரி. இன்றைக்குக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வேன். ஆனால் ஜூரி வெளியே போகும் வழி கைதிக் கூண்டை ஒட்டித்தான் போகிறது. முதல் ஆளாக நான் நடந்தேன். மெர்லின் கம்பியைப் பிடித்தபடி, பக்கத்தில் நின்ற பெண் காவலரிடம் மெல்லக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"குத்தம்னு சொல்லிட்டாங்களா?"

"இல்லம்மா. சொல்லல."

அவள் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். கீழே கிடந்த தன் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"அப்ப நான் வீட்டுக்குப் போலாமா?"