கதவைச் சாத்து

முப்பத்து நான்கு வயதில் எனக்குப் ‘பெருசு’ என்று பெயர் வைத்தார்கள். வைத்தவர்களில் ஒருவனுக்கும் ஒழுங்காக மீசை முளைக்கவில்லை. எங்கள் கால்பந்து கிளப்பின் மூத்த ஆட்டக்காரர்கள் எல்லாம் நல்ல இடம் பார்த்துப் போய்விட்ட வருடம் அது. என்னை மட்டும் யாரும் கூப்பிடவில்லை. என் வலது முழங்காலின் புகழ் எனக்கு முன்பே எல்லா ஊருக்கும் போய்ச் சேர்ந்திருந்தது.

கிளப்பின் தலைவர் டயர் கடை வைத்திருந்தார். கடையின் பின்பக்கம், ஒரு லாரி டயரின் மேல் என்னை உட்கார வைத்துப் பேசினார்.

“இந்த வருஷம் முழுக்கச் சின்னப் பசங்கதான். நடுவுல ஒரு பெரிய ஆள் வேணும்னு கோச் சொல்றாரு.”

“நானா?”

“வேற யாரு மிச்சம்? பசங்க சொந்தக் கால்ல நிக்கற வரைக்கும் நீ இரு. நின்னுட்டாங்கன்னா அடுத்த வருஷம் நீ வேண்டாம். நிக்காம கீழ் டிவிஷனுக்கு இறங்கிட்டாங்கன்னா கிளப்பே வேண்டாம், இழுத்து மூடிடலாம்.”

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. எனக்கு அதைச் சம்பளத்தோடு கொடுத்தார்கள். எனக்கோ இன்னும் ஒரே ஒரு வருடம் ஆடிவிட வேண்டும். ஈரப் புல்லில் முதன்முதலாகக் காலை வைக்கும் அந்த நிமிடத்தை விட மனம் வரவில்லை. இதைத் தலைவரிடம் சொல்ல முடியுமா? டயரில் காற்று இருக்கிறதா என்றுதான் அந்த மனிதர் பார்ப்பார்.

ஓட முடியாதவன் என்ன செய்வான்? கத்துவான். தடுப்பு வரிசையின் நடுவில் நின்று ஆட்டம் முழுக்கக் கத்தினேன். எதிர் அணிக்குப் புரியாதபடி கத்து என்றார் கோச். எனக்குத் தெரிந்த கட்டளைகள் எல்லாம் வீட்டில் தினமும் வாங்கிக் கட்டிக்கொள்பவைதான். அவற்றையே எடுத்துக்கொண்டேன். இரண்டு பேருக்கு நடுவில் இடைவெளி விழுந்தால், கதவைச் சாத்து. எதிராளிகள் கூட்டமாக ஏறி வந்தால், பால் பொங்குது. எல்லோரும் ஒரே வரிசையாக முன்னேற வேண்டுமென்றால், பாயைச் சுருட்டு. மனைவி என்னிடம் சொல்லும்போது மரியாதைக்கு ஒரு ‘ங்க’ சேர்ப்பாள். மைதானத்தில் அதற்கு நேரமில்லை.

அவள் முதன்முறையாக ஆட்டம் பார்க்க வந்தவள், முடிந்ததும் கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டாள்: “வீட்ல நான் சொன்னா ஒண்ணும் காதுல ஏறாது. இங்க வந்து ஊருக்கு உபதேசமா?”

“ஏறாமலா இவ்வளவு ஞாபகம் வச்சிருக்கேன்?”

“அண்ணி, அடுப்புல வேற என்னெல்லாம் பொங்கும்னு சொல்லுங்க, நாங்களும் மனப்பாடம் பண்ணிக்கறோம்,” என்றான் இடது ஓரத்தில் ஆடும் சுருள் முடிக்காரன். அன்றிலிருந்து அவள் ஒரு ஆட்டத்தையும் தவறவிடவில்லை.

எங்கள் கோல்கீப்பருக்குப் ‘பூட்டு’ என்று பெயர். பூட்டியது வலையை அல்ல, வாயை. கோலில் நிற்பவனுக்குத்தான் மைதானம் முழுதும் தெரியும். அவன்தான் குரல் கொடுக்க வேண்டும். இவனோ பந்தைப் பிடித்துக் கீழே வைத்துவிட்டு, அது மன்னிப்புக் கேட்கட்டும் என்பதுபோல் அதையே பார்த்துக்கொண்டு நிற்பான்.

“டேய், ஒரு வார்த்தை சொன்னா முத்து உதிர்ந்துடுமா?” என்பேன்.

“அதான் நீங்க சொல்றீங்களேண்ணே.”

தோற்றோம், தோற்றோம், பிறகு எப்படியோ ஜெயிக்கவும் ஆரம்பித்தோம். பெரியவர்களின் பழைய ஜெர்சி பையன்களுக்கு முழங்கால் வரை தொங்கியது. உடை மாற்றும் அறையில் இருந்த இரண்டு ஷவரில் ஒன்றில் வெந்நீர் வரும், மற்றதில் சத்தம் மட்டும் வரும். திரும்பும் பஸ்ஸில் ஒருவன் தோளில் ஒருவன் சாய்ந்து தூங்குவார்கள். கடைசித் தலை என் தோளுக்கு வரும். அது பெரும்பாலும் பூட்டின் தலை. தூக்கத்தில் மட்டும் வாய் திறந்திருக்கும்.

கடைசி ஆட்டத்தில் தோற்காமல் இருந்தால் டிவிஷனில் நிற்கலாம் என்ற நிலைக்கு வந்தோம். அதற்கு முந்தைய ஆட்டம் கொட்டும் மழையில். மழையையும் மீறிக் கத்தினேன். கடைசி ஆட்டத்தன்று காலையில் வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது.

“வீடு எவ்வளவு நிம்மதியா இருக்கு,” என்று சொல்லிக்கொண்டே மனைவி உப்புப் போட்ட வெந்நீரை நீட்டினாள். நான் குடித்து முடிப்பதற்குள் இரண்டாவது டம்ளரையும் கலக்கிக்கொண்டிருந்தாள்.

ஆட்டம் தொடங்கியதும் பையன்கள் திரும்பித் திரும்பி என்னையே பார்த்தார்கள். காக்காய் ஓட்டுகிறவனைப்போல நான் கையை ஆட்டினேன். அந்தக் குழப்பத்தில் ஒரு கோல் வாங்கினோம். இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் சுருள் முடிக்காரன் எதையோ உதைக்கப் போக, பந்து அவன் காலில் பட்டு உள்ளே போய்ச் சமமானது.

இரண்டாம் பாதியில் அவர்கள் ஏறி வந்தார்கள். இடப் பக்கம் இடைவெளி விழுவதைப் பார்த்தேன். வாயைத் திறந்தேன், காற்று.

“கதவைச் சாத்து.”

என் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது அந்தக் குரல். பாதி உடைந்த, இன்னும் ஆணாகி முடிக்காத குரல். சுருள் முடிக்காரன் பாய்ந்து போய் அடைத்தான். “பால் பொங்குது” என்றது மறுபடி. நான்கு பேர் பின்னுக்கு ஓடினார்கள். பிறகு அது என்னைப் பிடித்துக்கொண்டது.

“பெருசு, பாயைச் சுருட்டுங்க. உங்களைத்தான்.”

அவ்வளவு அவசரத்திலும் ஒரு ‘ங்க’. நான் முழங்காலை மறந்து ஓடினேன். கடைசி விசில் வரை பூட்டு வாய் மூடவில்லை. வருடம் முழுக்கச் சேர்த்து வைத்திருப்பான் போலிருக்கிறது. ஒன்றுக்கு ஒன்று. நின்றுவிட்டோம்.

“அண்ணே, முகத்துக்கு நேரா பெருசுன்னு சொல்லிட்டேன்,” என்று வந்து நின்றான். திட்டக் குரல் இல்லாததால் மண்டையில் ஒன்று போட்டேன். தட்டிய கை கொஞ்ச நேரம் அங்கேயே இருந்துவிட்டது.

உடை மாற்றும் அறை வாசலில் தலைவர் காத்திருந்தார். “பசங்க நின்னுட்டாங்க,” என்றார். மீதியைச் சொல்லாமல், டயர் கறை படிந்த நகங்களைப் பார்த்துக்கொண்டார். தலையாட்டினேன். குரல் இருந்திருந்தால் கெஞ்சியிருப்பேன். தொண்டைதான் என் மானத்தைக் காப்பாற்றியது. அடுத்த மாதம் அவர் கடையிலேயே வேலைக்குச் சேர்ந்தேன். டயரிடம் கத்த வேண்டியதில்லை.

இப்போது பூட்டு ஏதோ தூரதேசத்தில், பெரிய கிளப்பில் ஆடுகிறான். போன ஞாயிற்றுக்கிழமை டிவியில் காட்டினார்கள். கூட்டத்தின் இரைச்சலில் அவன் குரல் கேட்கவில்லை, உதடு மட்டும் தெரிந்தது. அவனுக்கு முன்னால் நின்ற தாடிக்காரனுக்கு நம் மொழியில் ‘அ’னாகூடத் தெரிந்திருக்காது. ஆனால் சட்டென்று நகர்ந்து கதவைச் சாத்தினான்.

“பாத்தியா?” என்றேன்.

“பாத்தேன். எல்லாம் என் வார்த்தை. ஒரு பைசா வந்துச்சா?” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள் மனைவி. “காத்து அடிக்குது, போய்க் கதவைச் சாத்துங்க.”

எழுந்து போய்ச் சாத்தினேன்.