லிஃப்ட் ஓடாத ஐந்து வாரம்

நாங்கள் நாலாவது மாடியில் குடியிருந்த காலத்தில் ஒருநாள் காலை லிஃப்ட் நின்றுபோனது. ரிப்பேர் பார்க்க வந்தவர் மொட்டைமாடி மோட்டார் அறையைத் திறந்தார். போன வேகத்திலேயே நெற்றியில் கீறலோடு இறங்கி வந்தார்.

"மேல ஒரு குடும்பமே இருக்கும்மா. வெள்ளை ஆந்தை. மோட்டாருக்குப் பின்னாடி நாலு குஞ்சு. கால் வச்சதும் தாய் பாய்ஞ்சிருச்சு."

உடைந்த ஜன்னல் வழியாக வந்து அடைந்திருக்கின்றன. மோட்டாரைக் கழற்றினால் குஞ்சுகளை எடுத்தே ஆக வேண்டும். கால்நடை மருத்துவமனைக்கு ஃபோன் செய்தோம். "இடம் மாத்தினா தாய் வருமான்னு சொல்ல முடியாது. பறக்க இன்னும் அஞ்சு வாரம் ஆகும்" என்றார் டாக்டரம்மா.

அன்று மாலை படிக்கட்டிலேயே கூட்டம் கூடியது. சங்கச் செயலாளர் தரைத்தளத்தில் ரொட்டிக்கடை வைத்திருந்தார்.

"எனக்கென்ன, நான் கீழே இருக்கேன். அஞ்சாவது மாடி அண்ணன் என்ன பண்ணுவார்? அவர் முட்டிக்காவது இரக்கப்பட வேண்டாமா?"

அஞ்சாவது மாடி அண்ணன் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். ஆள் நல்ல கனம். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"என் முட்டியை எதுக்குப்பா இதுல இழுக்கிற? முப்பது வருஷம் உட்கார்ந்தே சேர்த்த உடம்பு, கொஞ்சம் ஏறி இறங்கட்டும். குஞ்சு முதல்ல பறக்கட்டும்."

அவரே சொன்ன பிறகு யார் வாயைத் திறப்பது?

மொட்டைமாடி விளக்கை அணைத்தோம். துணிகளை பால்கனியிலேயே காயப்போட்டோம். எலி மருந்து தின்ற எலியைப் பிடித்தால் ஆந்தையும் செத்துவிடும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். செயலாளர் முணுமுணுத்துக்கொண்டே கடையில் இருந்த மருந்தையெல்லாம் அப்புறப்படுத்திவிட்டு எலிப்பொறி வாங்கினார். காய்கறிகள் கயிறு கட்டிய வாளியில் மேலே போயின. மாடிக்கு மாடி ஒரு ஸ்டூல் முளைத்தது.

மூன்றாவது மாடியில் என் நாத்தனார் வீடு. மாமியாரின் தையல் மெஷின் யாருக்கு என்ற தகராறில் இரண்டு வருடமாக எங்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை. நாலாம் நாள் இரண்டு பைகளோடு ஏறியவள், தாங்காமல் அவர் வாசல் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். கதவு திறந்தது. கையில் தண்ணீர்.

"குடி. மூச்சு எப்படி வாங்குது பாரு."

"வேணாம் அண்ணி."

"வேணாம்னா எதுக்கு என் வாசல்ல வந்து உட்கார்ந்தே?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும்தான். அப்புறம் தினமும் அந்த ஸ்டூலில் அரைமணி நேரம் பேச்சு ஓடும். டிரைவர் அண்ணனும் மூச்சு வாங்கியபடி வந்து சேர்ந்துகொள்வார். "அடுத்த ஸ்டாப் நாலாவது மாடி" என்று அறிவித்துவிட்டுத்தான் கிளம்புவார்.

லிஃப்ட்காரர் யாரும் கூப்பிடாமலே வாரம் ஒருமுறை ஹெல்மெட்டோடு வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவார். நாலாவது வாரம் கடைக்குட்டிக் குஞ்சு செத்துக்கிடந்தது. துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். டிரைவர் அண்ணன் அத்தனை படியும் இறங்கி வந்து, மதிலோரம் தானே குழி தோண்டினார்.

மற்ற மூன்றும் ஒரு சாயங்காலம் கைப்பிடிச் சுவரில் வந்து நின்றன. நாங்கள் எல்லோரும் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தோம். முதல் குஞ்சு தத்தளித்து எதிர்வீட்டுக் கூரையைப் பிடித்ததும் செயலாளர் கைதட்டிவிட்டார். "சத்தம் போடாதய்யா!" என்று அவரை அதட்டியவர்களின் சத்தம்தான் அதிகம்.

குஞ்சுகள் போன பிறகே லிஃப்ட்காரர் மோட்டாரைத் தொட்டார். அந்த ஜன்னலுக்கு வலை அடித்தார். வெளிச்சுவரில் ஒரு மரப்பெட்டியும் பொருத்தினார். அடுத்த வருடம் ஆந்தை ஜோடி அதில் வந்து அடைந்தது. குஞ்சுகள் இரை கேட்டுச் சீறினால் எங்கள் அடுப்படி வரை கேட்கும்.

லிஃப்ட் ஓடத் தொடங்கியதும் ஸ்டூல்கள் ஒவ்வொன்றாக வீட்டுக்குள் போயின. எங்கள் பேச்சும் "சாப்பிட்டாச்சா?" என்ற அளவில் நின்றது. லிஃப்டில் போகும் ஒரு நிமிடத்தில் வேறு என்ன பேச முடியும்? இப்போது நான் இருக்கும் கட்டடத்தில் இரண்டு லிஃப்ட். இரண்டும் நன்றாகவே ஓடுகின்றன. பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது.